மைலோ டின்னில் கிடந்த சங்கிலி

2019 தைப்பூசத்தன்று, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் திருடன் புகுந்தான். ஜனவரி 21, திங்கட்கிழமை. குடும்பத்தோடு ஈப்போ குனோங் சீரோ கோவிலுக்குப் போயிருந்தோம். புந்தோங்கிலிருந்து பால்குடம் தூக்கி நடந்து, முருகனைப் பார்த்து, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் சுங்கை சிப்புட் திரும்பினால் பின்பக்கக் கம்பிக்கதவு வளைந்து கிடக்கிறது. 48 நாள் விரதம் இருந்த வாய்தான். அன்றைக்கு அந்த வாயில் முருகன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டு ஜோடி வளையல், ஓர் ஆரம், மகளின் தோடுகள், உண்டியல் காசு, எல்லாம் போய்விட்டன. அம்மாவின் சங்கிலி மட்டும் தப்பியது. அது வீட்டில் இருந்தால்தானே போகும்? மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக் கடையில் இருந்தது. மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத் தவணை. அதுவரைக்கும் அந்த அடகுச் சீட்டைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கும். அன்று அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

திருட்டோடு கதை முடிந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. போன நகைக்காக இரண்டு மாதம் அழுதேன், போலீசில் புகார் கொடுத்தோம், அப்புறம் மனம் ஆறிவிட்டது. மீதி இருந்த ஒரு சங்கிலிதான் என்னை ஆட்டிவைத்தது. தவணை முடிவதற்குள் எப்படியோ காசு புரட்டி அதை மீட்டுக்கொண்டு வந்தேன். முதலில் அரிசி டின்னில் ஒளித்தேன். திருடர்கள் முதலில் பார்ப்பதே அரிசி டின்தான் என்று யாரோ சொன்னார்கள். தலையணை உறைக்கு மாற்றினேன். அங்கிருந்து தையல் மெஷின் இழுப்பறை. அங்கிருந்து சாமி மேடைக்கு அடியில். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு எழுந்துபோய்த் தடவிப் பார்ப்பேன். ஒருநாள் என் கணவர் இருட்டில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “திருடன் ஒரு நாள்தான் வந்தான். நீ தினமும் வர்ற.”

எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வருடத் தீபாவளிக்குச் சங்கிலியைப் போட்டுக்கொள்ளலாம் என்று தேடினால் இல்லை. வைத்ததாக நினைத்த இடங்களில் எல்லாம் பார்த்தேன். வீட்டைக் கவிழ்த்துப் போட்டேன். இல்லவே இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் அண்ணன் மகன் கோலகங்சாரிலிருந்து வந்து எங்கள் படுக்கையறைக் காற்றாடியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வேறு யாரும் அந்த அறைக்குள் போகவில்லை.

அண்ணிக்குப் போன் போட்டேன். நேராகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் பேசிய விதம் இருக்கிறதே! “ஒண்ணுமில்ல அண்ணி, தம்பி வந்துட்டுப் போனதுல இருந்து சங்கிலியக் காணோம். நான் யாரையும் ஒண்ணும் சொல்லல.” அண்ணி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “சரி, வைக்கிறேன்” என்றார். பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை. நாங்களும் போகவில்லை.

2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வீட்டிலேயே அடைந்து கிடந்த நாட்களில் எல்லாரையும் போல நானும் அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்தேன். விளக்குச் சாமான் வைக்கும் தட்டில் ஒரு பழைய மைலோ டின். உள்ளே திரிக்கட்டு, கெட்டியாகிப்போன குங்குமம், அதற்குக் கீழே பிளாஸ்டிக் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, சங்கிலி. சரஸ்வதி பூசைக்குச் சுத்தம் செய்தபோது நானேதான் வைத்திருக்கிறேன். முடிச்சு என் முடிச்சு.

சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் துளியும் வரவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் கோவிலில் ஒரு வகுப்பு நடக்கும். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் நடத்துகிறார். நாங்கள் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். திருமுறை, குறள், சில மாதங்கள் கீதை என்று மாறி மாறிப் போகும். நான் அதுவரை போனதெல்லாம் பாதி சுண்டலுக்காக என்று சொன்னால் பொய்யில்லை. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் 62, 63 ஆவது சுலோகங்களை அவர் நடத்தியது மட்டும் எப்படியோ மண்டையில் தங்கியிருந்தது. ஒரு பொருளையே நினைத்துக்கொண்டிருந்தால் அதில் பற்று வருகிறது. பற்றிலிருந்து ஆசை. ஆசையிலிருந்து கோபம். கோபத்திலிருந்து மயக்கம். மயக்கத்தால் நினைவு தவறுகிறது. நினைவு தவறினால் புத்தி கெடுகிறது. புத்தி கெட்டால் ஆளே அழிகிறான். நினைவு தவறுவது என்றால், கற்ற நல்லது கெட்டது அந்த நேரத்துக்கு ஞாபகம் வராமல் போவது என்று பெரியவர்கள் பொருள் சொல்கிறார்கள். என் கதையில் அவ்வளவு ஆழமெல்லாம் வேண்டாம். வைத்த இடமே மறந்துபோனது.

சங்கிலி கிடைத்த மூன்றாம் நாள் வாத்தியாருக்குப் போன் செய்தேன். ஏன் மூன்றாம் நாள் என்று கேட்டால், முதல் இரண்டு நாளும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணியிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? ‘இந்த மாதிரி விஷயத்தை நேரில் சொல்வதுதான் மரியாதை. இப்போது அவசியமில்லாமல் வெளியே போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. எல்லாம் சரியானதும் போய்ச் சொல்லலாம்.’ எவ்வளவு நல்ல காரணம் பாருங்கள், அரசாங்கமே எடுத்துக் கொடுத்தது.

நான் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை வாத்தியார் குறுக்கே பேசவில்லை. பிறகு துறவைப் பற்றி ஏதோ தொடங்கினார். அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடியுமுன் பெரட்டுக்கு, பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய்விடுவார். நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் வளர்ந்தேன். நாங்கள் இருந்த லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை நின்றால் வீடும் போய்விடும். 1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, எத்தனை குடும்பம் மூட்டையைக் கட்டியது என்று அம்மா சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். அந்த நேரத்தில்தான், 1960இல், எங்கள் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்குவோம் என்பது அதன் நோக்கம். அப்படி ஒரு சங்கம் தேவைப்பட்ட காலம் அது. அம்மாவிடம் நிலம் இல்லை, மனை இல்லை. கூட்டுக் காசு, அதாவது சீட்டுப் பணம், எடுத்து வாங்கிய மூன்று பவுன் முறுக்குச் சங்கிலி மட்டும்தான் சொத்து. எங்கே துரத்தினாலும் கழுத்தோடு வருமே.

“எதுவுமே இல்லாம இருந்த சனங்ககிட்ட வந்து எதை விடச் சொல்றீங்க, வாத்தியாரே?” என்று கேட்டுவிட்டேன்.

வகுப்பில் அவர் அடிக்கடி சுவாமி சிவானந்தரைப் பற்றிச் சொல்வார். பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி 1913இல் மலாயாவுக்கு வந்து சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தவர். பிறகு ஜொகூர். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். அடுத்த வருடம் ரிஷிகேசத்தில் சன்னியாசம். அதையும் இழுத்தேன். “அவர் டாக்டரு. விடுறதுக்கு அவருகிட்ட இருந்துச்சு. எங்கம்மாகிட்ட என்ன இருந்துச்சு?”

வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. “நீ சொல்றது சரிம்மா” என்றார். “கொஞ்சமா இருக்கறவன் பிடிதான் இன்னும் இறுக்கம். உங்கம்மா பிடிச்சதுக்குக் காரணம் இருந்துச்சு. உன்னை இப்ப வீட்டை விட்டு யாரு துரத்துறா?”

பதில் இல்லை. தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கும் எங்கள் வீட்டுக் கடன் அடைந்து ஐந்து வருடமாகியிருந்தது. அம்மாவின் பயத்தைச் சங்கிலியோடு சேர்த்து நானும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். இதை எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்த வேறு சில வீடுகளிலும் பார்க்கிறேன். யாரும் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போடுவதில்லை. பிஸ்கட் டின், கயிறு, உடைந்த நாற்காலி எல்லாம் ‘ஒருநாள் ஆகும்’ என்று கிடக்கும். அந்தக் குடும்பங்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “சங்கிலியை விட வேணாம். அதை நினைக்கறப்ப உள்ள ஒண்ணு இறுகுதே, அதைப் பாரு. விரட்டாத. சரி தப்புன்னு சொல்லாத. சும்மா பாரு.” சாட்சியாக இருப்பது என்று வகுப்பில் சொல்வார். அதைத்தான் அடுப்படித் தமிழில் சொன்னார்.

எங்கே இறுகுகிறது என்று தேடவே எனக்கு ஒரு வாரம் ஆனது. மனம் மனம் என்கிறோம், அதை எங்கே போய்ப் பார்ப்பது? உடம்பில் பார்த்தால் சுலபமாக இருந்தது. எனக்குத் தாடையில் வரும், பல் கடிப்பேன். அப்புறம் மேல்வயிறு. சங்கிலி இருக்கும் திசையைப் பார்த்தாலே வரும். அந்த நேரத்தில் ‘இதோ இறுகுது’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். மூச்சை நீளமாக விட்டு, விடும்போது ஒரு ‘சிவாய நம’. சில நாள் மூன்று மூச்சில் தளரும். சில நாள் இருபது மூச்சு ஆகும். தளராத நாட்களும் உண்டு. அப்போதும் எழுந்து போய்த் தடவிப் பார்க்காமல் படுத்துக் கிடப்பேன். அது போதும் என்றார் வாத்தியார்.

இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வேறொன்று பிடிபட்டது. சங்கிலியை நினைத்தால் ஓர் இறுக்கம். அண்ணிக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தால் அதைப் போல மூன்று மடங்கு இறுக்கம். நகையை விடக்கூட நான் தயார். ‘நான் அப்படியெல்லாம் தப்புப் பண்ற ஆள் இல்ல’ என்பதை விடத்தான் முடியவில்லை. மரியாதை, நேரில் போவது, சட்டம் என்று நான் அடுக்கியதெல்லாம் அதற்குப் போட்ட பூட்டு.

போன் செய்தேன். அண்ணியிடம் அல்ல, நேராக அண்ணன் மகனிடம். எங்கே இருந்தது, யார் வைத்தது, அண்ணியிடம் நான் என்ன சொன்னேன் என்று எதையும் மழுப்பாமல் சொல்லி, “தப்பு என் மேலதான் தம்பி” என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். “சரி அத்த” என்றான். அப்புறம், “காத்தாடி ஓடுதா?” என்று கேட்டான்.

அன்று அழுதேன். அண்ணி சமாதானமாக இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவும் நியாயம்தான்.

அதன் பிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. ஒரே நாளில் 14 பட்டுச்சேலையை எடுத்து ஊரில் இருப்பவர்களுக்குக் கொடுத்தேன். பித்தளைச் சாமான்களில் பாதியைக் கோவில் மடப்பள்ளிக்கு அனுப்பினேன். வீடே காற்றோட்டமாகிவிட்டது. வகுப்பில் அதைப் பற்றி இரண்டு மூன்று முறை, யாரும் கேட்காமலே, சொன்னேன். அடுத்த திருவிழாவில் ஒரு பெண் என் மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு முந்தானையைத் தரையில் இழுத்தபடி போகிறாள். தாடை உடனே இறுகியது. ‘என் சேலை!’ கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

வாத்தியாரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். சைவ சித்தாந்தம் சொல்லும் மூன்று மலங்களில் மாயையைத் துடைக்கப் போய் ஆணவத்தைப் பூசிக்கொண்டாய் என்றார். பிறகு துறவு அதிகாரத்தின் முதல் குறளை எடுத்தார். ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்.’ ஏன் ‘யாதனின் யாதனின்’ என்று இரண்டு முறை? எல்லாவற்றையும் ஒருசேர விடுவது உயர்வு, அது முடியாவிட்டால் ஒவ்வொன்றாக விட்டாலும் அந்த அளவுக்குத் துன்பம் இல்லை என்று பரிமேலழகர் உரை விரிக்கிறது. இது எனக்குப் பெரிய ஆறுதல். மொத்தமாக வேண்டாம். ஒவ்வொன்றாக.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பொருள். கையில் எடுப்பேன். எப்போது வந்தது, யார் கொடுத்தது, கடைசியாக எப்போது தொட்டேன் என்று யோசிப்பேன். உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். இறுக்கம் அதிகமாக இருந்தால் கொடுக்க மாட்டேன். திரும்ப வைத்துவிட்டு அடுத்த மாதம் எடுப்பேன். மூன்றாம் முறை எடுக்கும்போது பல பொருட்கள் தாமாகவே லேசாகிவிடுகின்றன. அம்மா பால் எடுத்த மங்கு ஒன்று இருக்கிறது. அதை ஏழு முறை எடுத்துவிட்டேன். அது போகாது. வாசல் விளக்குக்கு அதில்தான் எண்ணெய் ஊற்றி வைக்கிறேன். எல்லாப் பிடிப்பையும் அறுத்தே ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதைப் பார்த்தால் தாடை இறுகுவதில்லை, அவ்வளவுதான்.

பேச்சிலும் ஒரு பழக்கம் செய்து பார்த்தேன். நம் ஊரில் மலாயும் தமிழும் கலந்து ‘சாயா புன்யா, சாயா புன்யா’ (என்னுடையது, என்னுடையது) என்று எல்லாவற்றுக்கும் புன்யா போட்டே பழகிவிட்டோம். தமிழில் பாருங்கள், ‘என்னிடம் சங்கிலி இருக்கிறது’ என்கிறோம். சங்கிலி இருக்கிறது, இப்போதைக்கு என் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வாரம் ‘என்னோடது’ என்று வாயில் வரும்போதெல்லாம் ‘என்கிட்ட இருக்கறது’ என்று மாற்றிச் சொன்னேன். வீட்டில் கிண்டல் தாங்கவில்லை. ஆனால் என் கணவர், “என்கிட்ட இருக்கற பொண்டாட்டி ஒரு கோப்பி போட்டா நல்லாருக்கும்” என்று இன்னமும் சொல்கிறார்.

கைத்தொலைபேசியில் வாங்கும் பழக்கத்துக்கும் இதே வைத்தியம்தான். கூடையில் போட்டுவிட்டு மூன்று நாள் காசு கட்டுவதில்லை. நான்காம் நாள் பாதிக்கு மேல் எதற்குப் போட்டேன் என்றே தெரிவதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பற்றை விடுவது வேறு, கதவைத் திறந்து போடுவது வேறு. சங்கிலியை வங்கிப் பெட்டகத்தில் வைத்தேன். ரசீது, எடை, படம் எல்லாம் ஒரு கோப்பில். எந்த இடம் என்று கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். முன்பு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, கடைசியில் எனக்கே தெரியவில்லை. ராத்திரி எழுவதும் நின்றது.

அப்பர் திருப்புகலூரில் கோவில் புல்லைச் செதுக்கும் உழவாரப்பணி செய்தபோது இறைவன் அந்த இடத்தில் பொன்னும் மணியும் கிடக்கும்படி செய்தாராம். அவர் பருக்கைக் கல்லோடு சேர்த்து அதையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரிய புராணம். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாதான் ஞாபகம் வருவார். முதுகு வளைந்து மரம் வெட்ட முடியாமல் போன பிறகு புல் வெட்டும் வேலைக்குப் போனவர். அவர் வெட்டிய புல்லில் பொன் கிடந்திருந்தால் நிச்சயம் எறிந்திருக்க மாட்டார். முந்தானையில் முடிந்துகொண்டு வந்து எங்களுக்குப் புத்தகம் வாங்கியிருப்பார். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

போன மாதம் மகள் வந்திருந்தாள். பெட்டகத்திலிருந்து சங்கிலியை எடுத்து வந்த நாள். அதை அழித்து இப்போதைய மாடலில் மெல்லிசாக இரண்டாகச் செய்யலாமே, அக்கா தங்கைக்கு ஆளுக்கொன்று ஆகும் என்றாள். தாடை, மேல்வயிறு, எல்லாம் வரிசையாக வந்தன. பழைய வேகத்தில் ‘அதெல்லாம் முடியாது’ என்பது நாக்கு நுனி வரை வந்து நின்றது. இருபது மூச்சுக்கு மேல் ஆனது. பதில் இன்னும் சொல்லவில்லை. தை பிறக்கட்டும் என்று சொல்லி, “போட்டுப் பாரு” என்று கையில் கொடுத்தேன்.

கொக்கியை மாட்ட அவளுக்கு எட்டவில்லை. நான் மாட்டிவிட்டேன். தொண்டையை ஒட்டி நின்றது. கண்ணாடியைப் பார்த்தபடி விரலைச் சங்கிலிக்குள் விட்டு இழுத்துக்கொண்டே கேட்டாள்: “பாட்டி கழுத்து இவ்வளவு சின்னதாம்மா?”